தம்பிக்கென்று ஒரு பீப்பாய்

பீரை அதிகமாகக் குளிரவைத்தால் அதன் ருசி போய்விடும். எங்கள் கடைக்கு முதல் முறை வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். கிளாஸில் பனி பூக்கிற அளவுக்குக் குளிர வேண்டும் என்று கேட்பார்கள். நாக்கு மரத்துப்போன பிறகு நான் தருவதும் ஒன்றுதான், தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கிவைத்திருக்கிற டின்னும் ஒன்றுதான் என்பேன். சிரித்துக்கொண்டு, சரி, உங்கள் இஷ்டம் என்பார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் என்னை வரச் சொல்லவில்லை சார். "கேஸ் முடிஞ்சிருச்சும்மா, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று ஸ்டேஷன் வாசலிலேயே இரண்டு முறை சொன்னீர்கள். முடிந்தது என்று நீங்கள் நினைப்பதில் தப்பில்லை. மருத்துவமனை கொடுத்த தாளை நானும் படித்தேன். இவர் தட்டச்சு செய்வதற்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். இடையில் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

எங்கள் கடை நாற்சந்தியின் மூலையில் இருக்கிறது. முன்பு சைக்கிள் பழுதுபார்க்கிற இடமாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. பதினான்கு மேசை, நான்கு குழாய். கறுப்பு, கசப்பு, கோதுமை, தேன் என்று நான்கு பீர், நான்கும் நானே காய்ச்சுவது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தொட்டிகள் தெரியும். பெரிய பீர் தொழிற்சாலை ஒன்றில் தொட்டி கழுவுகிறவளாகச் சேர்ந்து பதினெட்டு வருடம் இருந்தேன். கழுவுகிறவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் எதையும் மறைக்கவும் மாட்டார்கள். அப்படிக் கற்றுக்கொண்டேன். பிறகு இந்தக் கடையைத் தொடங்கினேன். ஒன்பது வருடம் ஆகிறது.

ஆனால் மக்கள் வந்தது பீருக்காக இல்லை. என் தம்பியின் கைக்காக. அவன் செய்கிற வெங்காய சூப்புக்காக ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். கறுப்பு பீரில் ஊறவைத்துச் சுட்ட கோழி, மொறுமொறுவென்று மாவில் தோய்த்த மீன், தடியாக நறுக்கிய உருளைக்கிழங்கு. பலகையில் பத்து அயிட்டத்துக்கு மேல் எழுதமாட்டான். "பத்தையும் ஒழுங்கா செய்யறதுக்கே ஒரு ஆயுசு வேணும்க்கா" என்பான். நாங்கள் இரண்டு பேரும் நின்றால்தான் அது கடை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தினமும் மதியம் வந்து ஜன்னலோரம் உட்காருவார். "பீர் காய்ச்சுற அக்கா குடிக்க மாட்டாங்க, சமைக்கிற தம்பி சாப்பிட மாட்டாரு. நாம மட்டும் ரெண்டையும் பண்ணிட்டு தொப்பையோட திரியணும். என்ன தலையெழுத்தோ" என்பார். பக்கத்து மேசையில் பரீட்சைத் தாள் திருத்துகிற கணக்கு டீச்சர் தலை நிமிராமலே சிரிப்பார். இவர்கள் இருவரையும் நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். நல்ல மனிதர்கள். அன்று பார்த்ததைப் பார்த்தபடிதான் சொன்னார்கள்.

தம்பிக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்கு நான்கு. அப்பா இருந்தார். இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்குத் தலை துவட்டிவிட்டது, ஷூ நாடா கட்டக் கற்றுக்கொடுத்தது, அம்மை போட்டபோது சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். இரண்டு இடத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றேன். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். தெரிந்தவர்கள் இதைத் தியாகம் என்பார்கள். நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

அவன் பத்தொன்பது வயதில் குடிக்க ஆரம்பித்தான். அதை நான் விவரிக்கப் போவதில்லை. நீங்கள் தினமும் பார்ப்பதுதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். விழுந்து கிடக்கிற இடத்திலிருந்து யார் போன் செய்தாலும் எனக்குத்தான் செய்வார்கள். நான் போவேன். முகத்தைக் கழுவிவிடுவேன். சட்டையை மாற்றுவேன். தெளிந்ததும் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுவான். "நீ இல்லன்னா நான் செத்துருவேன்க்கா" என்பான். அவன் தலை என் மடியில் எவ்வளவு கனமாக இருக்கும் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

கடை தொடங்கிய அடுத்த வருடம் ரொட்டிக்காரப் பெண் வந்தாள். காலை ஏழு மணிக்கு, சூடு ஆறாத ரொட்டிக் கூடையோடு, சைக்கிளில். அவளுடைய சொந்த அடுப்பு. கையில் எப்போதும் மாவு. இவன் ரொட்டியை உடைத்து, முகர்ந்து பார்த்து, "உப்பு அரைச் சிட்டிகை கம்மி" என்பான். அவள் "உங்க நாக்குல ஜாஸ்தி" என்பாள். ஆறு மாதத்தில் கல்யாணம். எனக்கு அவளைப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் அவன் குடித்தான். அவளும் எனக்குத்தான் போன் செய்வாள். "அண்ணி, கொஞ்சம் வரீங்களா" என்று மட்டும் சொல்வாள். நான் போவேன்.

அவர்கள் குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது ஒரு மதியம், அவன் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். குட்டி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம், அவள் ரொட்டி அடுப்பின் கதவில் கையை வைத்துவிட்டாள். பெரிய காயம் இல்லை. உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். அன்றோடு நிறுத்தினான். நான்கு வருடம். ஒரு சொட்டு இல்லை. பீர் மணக்கிற கடையில், நான்கு குழாய்களுக்கு ஆறடி தள்ளி நின்றுகொண்டு.

குடியை நிறுத்தினவனுக்குக் கை சும்மா இருப்பதுதான் பெரிய கஷ்டம். மதியக் கூட்டம் ஓய்ந்து உட்காரும்போது விரல் எதையோ தேடும். அதனால் அவனுக்கென்று ஒரு பீர் செய்தேன். காய்ச்சி, புளிக்கவைத்து, எல்லாம் முடிந்த பிறகு அகலமான பாத்திரத்தில் ஊற்றி மெல்லிய சூட்டில் மூன்று மணி நேரம் வைப்பேன். சாராயம் ஆவியாகப் போய்விடும். பிறகு குளிரவைத்து, நுரை ஏற்றி, சின்னப் பீப்பாய் ஒன்றில் அடைப்பேன். பெரிய நிறுவனங்கள் இதற்கு இயந்திரம் வைத்திருக்கின்றன. என்னிடம் ஒரு வெப்பமானியும் பொறுமையும் இருந்தன. அது அவனுக்கு மட்டும். வேறு யாருக்கும் ஊற்றமாட்டேன். தினமும் மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் சமையலறைக் கதவோரம் இருக்கிற மேசையில் உட்கார்ந்து மிச்சமிருப்பதைச் சாப்பிடுவோம். அவன் முன்னால் அந்தக் கிளாஸ் இருக்கும். "யாரு வீட்டுலக்கா தம்பிக்குத் தனியா பீர் காய்ச்சுவாங்க" என்பான்.

என் வாழ்க்கையில் நல்ல காலம் அது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் போன் வருவது நின்றுவிட்டது சார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருடம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மூன்று பேரும் எங்காவது போவார்கள். "நீயும் வாக்கா" என்பான். சும்மா ஒப்புக்குக் கூப்பிடுகிறவன் இல்லை, மனசாரத்தான் கூப்பிடுவான். நான் போய் என்ன செய்வது. அவன் நன்றாக இருந்தான்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள், அதே மேசையில், சூப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"கடலோரமா ஒரு ஊர்ல அவ அண்ணன் ஒரு இடம் பாத்திருக்கான். பின்னாடி ரொட்டி அடுப்பு போட்டுக்கலாம், முன்னாடி எட்டு மேசை. நாங்க ரெண்டு பேருமா நடத்தலாம்னு."

"பீர்?"

"இல்லக்கா. சாப்பாடு மட்டும்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பீர் வாசனையே இல்லாத சமையலறைல ஒரு தடவ நின்னு பாக்கணும்க்கா. உன்னால புரிஞ்சிக்க முடியும்ல" என்றான்.

"எப்ப போறீங்க?"

"குட்டிக்கு ஸ்கூல் லீவு விட்டதும். அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள உனக்கு வேற நல்ல ஆளா பாத்துக் குடுத்துட்டுத்தான் போவேன்."

"சரிடா."

"கோவமா?"

"எதுக்குக் கோவம். சூப் ஆறுது, சாப்பிடு."

கோபம் இல்லை. உண்மையிலேயே இல்லை. அவன் போன பிறகு பாத்திரங்களைக் கழுவினேன். அவனுடைய கிளாஸை மட்டும் இரண்டு முறை கழுவியிருக்கிறேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவனுடைய பீரை மூன்று மணி நேரத்துக்குப் பதிலாக இரண்டரை மணி நேரம் சூட்டில் வைத்தேன். வேலை அதிகம் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் இரண்டு மணி நேரம். பிறகு ஒன்றரை. நான் எதையும் சேர்க்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கிளாஸில் நான் எதையும் கலக்கவில்லை. எடுத்துக்கொண்டிருந்ததை எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான். அவனுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்க அந்தப் பீப்பாயை ஐஸ் பெட்டியின் அடியில் வைத்தேன். அவன் நாக்கு சாதாரண நாக்கு இல்லை. "என்னக்கா, நீயே இவ்ளோ சில்லுனு தர்ற" என்று ஒரு முறை கேட்டான். வெயிலுக்கு நல்லதுடா என்றேன்.

முதலில் அவன் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். பல வருடமாக மறந்திருந்த பழக்கம். பிறகு இரண்டாவது கிளாஸ் கேட்டான். பிறகு சரியாகத் தூங்கவில்லை என்றான். ஒரு நாள் கோழியைக் கருகவிட்டான். டிரைவர் கிண்டல் செய்ததற்குக் கரண்டியை எறிந்தான், பிறகு அவர் மேசைக்கே போய் மன்னிப்புக் கேட்டான். மூன்று மணி ஆவதற்கு முன்பே கண்ணால் கடிகாரத்தைப் பார்ப்பான். எல்லாவற்றையும் நான் கவனித்தேன். தொட்டியில் புளிப்பதை எப்படிக் கவனிப்பேனோ அப்படி. அவசரப்படுத்தக் கூடாது.

மூன்றாவது மாதம் ஒரு காலை, நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது அவன் கறுப்பு பீர்க் குழாய்க்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் அளவுக் குவளை. வெளிச்சம் ஜன்னல் வழியாக அவன் காலில் விழுந்துகொண்டிருந்தது.

"நாலு வருஷம்க்கா" என்றான். "ஏன்னே தெரியல. எந்தக் கவலையும் இல்ல, சண்டை இல்ல. உடம்பு தானா கேக்குதுக்கா. நான் என்ன ஜென்மம்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என் மடியில் முகத்தைப் புதைத்தான். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "நான் இருக்கேன்ல" என்றேன். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தையை மாற்ற வேண்டாம்.

ஆனால் அவன் பழைய ஆள் இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்று மாலையே மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முன்பெல்லாம் மறைப்பான். இப்போது சொன்னான். அவள் திட்டவில்லை, அழவில்லை. மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். இரண்டு நாள் கழித்து மூன்று மணிக்கு, எனக்கு எதிரே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"தினம் ஒன்னு. இத போட்டுட்டு ஒரு வாய் குடிச்சாக்கூட உடம்பு தாங்காதாம்க்கா. மூஞ்சி சிவந்து, நெஞ்சு அடிச்சு, வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி ஆயிடுமாம். இருமல் மருந்துகூட அவங்களக் கேக்காம குடிக்கக் கூடாதாம். பயமுறுத்தியே அனுப்பினாங்க." சிரித்தான். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் முகம் தெளிந்திருந்தது. "நிம்மதியா இருக்குக்கா. இனிமே நானே நெனச்சாலும் முடியாது."

பிறகு தன் கிளாஸைப் பார்த்தான். அதைத் தொடவில்லை.

"உன்னோடதுல ஒரு துளிகூட இல்லைல?"

"நான் உனக்கு அப்படிக் குடுப்பேனாடா?" என்றேன்.

"சேச்சே, டாக்டர் கேக்கச் சொன்னாங்க, அதான்."

அவன் கேட்டது கேள்வி. நான் சொன்னதும் கேள்வி. அதனால் நான் பொய் சொல்லவில்லை என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிளாஸை, பூச்சி விழுந்திருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். அன்று மாலையே புதிதாகச் செய்தேன். மூன்று மணி நேரம் இல்லை, நான்கு மணி நேரம் சூட்டில் வைத்தேன். அடுத்த சில வாரம் அவன் குடித்தது பச்சைத் தண்ணீர் மாதிரி சுத்தமானது. அதையும் எழுதுங்கள். அவன் தேறினான். நன்றாகத் தூங்கினான். முணுமுணுப்பு நின்றது. ஊருக்குப் போகிற தேதியை ஒரு மாதம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அவன் மனைவிதான் சொன்னாள். "இந்த வாசனையிலேர்ந்து எவ்ளோ சீக்கிரம் போறாரோ அவ்ளோ நல்லது அண்ணி. உங்களுக்கே புரியும்." புரிந்தது என்றேன்.

கடைசி ஞாயிறு மதியம் வழியனுப்பு விருந்து. கடைக்கு வெளியே விடுமுறை என்று எழுதி மாட்டிவிட்டு, மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டோம். டிரைவர், கணக்கு டீச்சர், வாடிக்கையாக வருகிறவர்கள் சிலர், தம்பி மனைவி, குட்டி. தன் விருந்துக்குத் தானே சமைத்தான், வேறு யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. பலகையில் இருந்த பத்தையும் செய்தான். குட்டி பலகையில் பத்துக்குக் கீழே பதினொன்று என்று போட்டு "அப்பா" என்று எழுதியிருந்தாள். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

அவனுக்கு நான்தான் ஊற்றினேன். கிளாஸில் பனி பூத்திருந்தது. எல்லோரும் கிளாஸைத் தூக்கியபோது அவன் எழுந்து நின்றான். பேசத் தெரியாதவன்.

"நான் உயிரோட இருக்கேன்னா மூணு பேராலதான். குட்டி, அப்புறம் அவ, அப்புறம்..." என்று என் பக்கம் திரும்பினான். "வரிசை தப்பாயிடுச்சு. மொதல்ல அக்கா."

குடித்தான். பாதிக் கிளாஸ் ஒரே மூச்சில். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னிக்குத்தான்க்கா சரியா வந்திருக்கு. நெஜ பீர் மாதிரியே" என்றான். மீதியையும் குடித்தான். இன்னொன்று ஊற்றினேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து, கண். டீச்சர்தான் முதலில் பார்த்தார். "என்னப்பா, அடுப்புச் சூடா?" என்றார். அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவன் அங்கேயே வாந்தி எடுத்தான். அவன் மனைவி ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். பிடித்தவள், அவன் வாயருகே முகம் போனதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"வாசன வருது."

"இல்லம்மா. சத்தியமா இல்ல. நான் எதையும் தொடல." அவனுக்கு மூச்சு வாங்கியது. என்னைத் தேடினான். "அக்கா, நீ சொல்லு. நீதான ஊத்துன. சொல்லுக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைச் சுற்றி வந்து அவன் தோளில் கை வைத்தேன்.

"பரவால்லடா" என்றேன். "யாரும் ஒன்னும் சொல்லப்போறதில்ல. எப்ப குடிச்ச?"

அவ்வளவுதான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவன் மனைவி அவனைப் பார்த்தாள். "பொய்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். குழந்தை அந்த நிலையைப் பார்க்க வேண்டாம் என்றுதான் போனாள், அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். அவன் அவள் போன பக்கம் இரண்டு அடி வைத்தான். பிறகு விழுந்தான்.

இங்கே வருகிற வழியெல்லாம் பீப்பாய் மாறிவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். நீங்கள் நம்பியிருப்பீர்கள். ஆனால் ஒன்பது வருடத்தில் நான் ஒரு பீப்பாயைக்கூட மாற்றி வைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே அதைக் காய்ச்சினேன். அதைச் சூட்டில் வைக்கவே இல்லை. ஒரு நிமிடம்கூட. புளித்து முடிந்தது முடிந்தபடி, முழு வீரியத்தோடு, அவனுடைய பீப்பாயில் அடைத்தேன். மாத்திரை போடுகிறவனுக்கு என்ன ஆகும் என்று அவன் வாயாலேயே கேட்டிருந்தேன். மூஞ்சி சிவக்கும், நெஞ்சு அடிக்கும், வாந்தி வரும். அவன் சொன்ன வரிசையிலேயே நடந்தது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் இதயம் அவ்வளவு பலவீனமாக இருந்தது யாருக்கும் தெரியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எனக்கும் தெரியாது. எல்லோர் முன்னாலும் அவன் குடித்தவனாகத் தெரிய வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவள் வெறுத்துப்போய்க் குழந்தையோடு கிளம்பிவிடுவாள். அவன் இங்கே இருப்பான். ஒரு வாரம் படுத்திருப்பான், நான் பார்த்துக்கொள்வேன். பிறகு மெதுவாக எல்லாம் பழையபடி ஆகும். இதைத்தான் நினைத்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பணியாளர் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார், மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா என்று மூன்று முறை கேட்டார். எனக்கு எல்லாமே தெரியும். தெரியலங்க என்றேன். மறுநாள் அந்தப் பீப்பாயை நானே வெந்நீர் விட்டுக் கழுவினேன். பழக்கப்பட்ட வேலை.

அவன் மனைவி போன வாரம் அவனுடைய கத்திகளை எடுத்துப்போக வந்தாள். ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினாள். சுற்றி முடித்துவிட்டு, "நாலு வருஷத்துல என்கிட்ட அவர் ஒரு பொய் சொன்னதில்ல அண்ணி. குடிச்சத கூட வந்து சொன்னவரு. அன்னிக்கு மட்டும் ஏன் சொல்லல? கடைசியா அவர் கேட்டது அவர நம்பணும்னு மட்டும்தான். நான் பொய்னு சொல்லிட்டேன்" என்றாள். அவள் அழவில்லை. கத்திகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். குட்டி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா பொய் சொன்னாரா அத்தை?" என்று கேட்டாள். எல்லோரிடமும் எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டேன் சார். அவளிடம் வாய் வரவில்லை. அதனால்தான் வந்தேன். அவன் குடிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை. அவளிடம் இதை யாராவது சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் கேட்பாளா என்று தெரியவில்லை.

தட்டச்சு செய்ததைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது. உங்கள் பழைய அறிக்கையில்தான் ஒரு பிழை. வழியில் உயிர் பிரியும்போது மனைவி உடனிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. வண்டியில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. அவள் ஏற வந்தாள், நான் முந்திக்கொண்டு ஏறிவிட்டேன். அவன் வழியெல்லாம் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். எதையோ கேட்க வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. என் மணிக்கட்டை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தான். பிறகு அந்தப் பணியாளர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தடம் இன்னும் மறையவில்லை, பாருங்கள். அதைத் திருத்திவிடுங்கள் சார். கடைசியில் அவனுக்கு என் கைதான் வேண்டியிருந்தது.